சித்தியின் பியானோவில் மௌனத்தைச் சரிசெய்தது

சித்தி கையை எடுத்துவிட்டார். பியானோ நிற்கவில்லை. கடைசியாக அழுத்திய ஸ்வரம் இரண்டு மூன்று விநாடி இழுத்துக்கொண்டே போய், அவர் அடுத்துப் பாட வேண்டிய ஒற்றைச் சொல்லை மூழ்கடித்தது.

“பாத்தியா? இந்த இடத்துலதான்டா சிரிக்கணும். இங்க சத்தம் நிக்கலன்னா யாரு சிரிப்பா?” என்றார்.

அக்டோபர் கடைசி வாரம் அது. ஊட்டிப் பக்கம் ஜூன், ஜூலையிலேயே நன்றாக நனைந்துவிடும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. பெட்ஃபோர்டு பக்கம் சித்தி வீட்டு முன்கூடத்தில் சுவரெல்லாம் வியர்த்திருந்தது. அந்தக் கூடத்தில்தான் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, சுமார் 30 பேரை உட்கார வைத்து, தான் எழுதி மெட்டமைத்த பாட்டுகளைத் தானே வாசித்துப் பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மொத்தம் பதினோரு பாட்டு. எல்லாம் தமிழ். எல்லாமே மெல்லச் சிரிக்க வைக்கிற ரகம்.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இதற்கு முன் இரண்டு பியானோக்களைத் திறந்து வேலை பார்த்திருக்கிறேன். அவற்றில் கட்டை எழும்பவில்லை, கம்பி அறுந்தது என்று சத்தம் வராத குறைகள்தான். சத்தம் நிற்க வேண்டும் என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. என்ன பழுது பார்த்தேன் என்பதோடு, அந்தப் பாட்டுகளுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டையும் பிரித்தால் நான் செய்த வேலையில் பாதி புரியாது.

முதலில் பாட்டு.

இசையமைத்தவரே பியானோவில் உட்கார்ந்து வேடிக்கைப் பாட்டுப் பாடுவது இங்கிலாந்தில் ஒரு தனி மரபு. சித்தியிடம் பழைய எஸ்டேட் பங்களா சாமான்களோடு வந்த ஓர் இசைத்தட்டு இருக்கிறது. மைக்கேல் ஃப்ளாண்டர்ஸ், டொனால்ட் ஸ்வான் என்ற இருவருடையது. ஃப்ளாண்டர்ஸ் பாட்டெழுதுவார், போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தவர். மெட்டமைத்துப் பியானோ வாசிப்பவர் ஸ்வான். 1956 டிசம்பர் 31 அன்று லண்டனில் ஒரு சிறிய அரங்கில் ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே பெரிய அரங்குக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. மேடையில் இரண்டு பேர், ஒரு பியானோ, அவ்வளவுதான். சேற்றில் புரளும் நீர்யானையைப் பற்றிக்கூட அவர்களிடம் ஒரு பாட்டு உண்டு. யாரையும் குத்தாது. இதே காலத்தில் அமெரிக்காவில் டாம் லேரர் என்ற கணித ஆசிரியரும் பியானோவில் தன் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாட்டுக்குக் கூர் அதிகம். சித்திக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் தன் வழி அது இல்லை என்பார்.

அவர் வழி எது என்பதற்குத் தொல்காப்பியத்தைக் காட்டுவார். “எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப.” சிரிப்பு பிறக்கும் இடம் நான்கு: கேலி, குழந்தைத்தனம், அறியாமை, சொன்னதை அப்படியே நம்பிவிடுவது. “இதுல எள்ளலை எடுத்துரு. மீதி மூணும் நம்ம வீட்டுலயே இருக்கு. வெளிய போய் ஆள் தேட வேண்டாம்” என்பார். அவர் பாட்டுகளில் வருகிற ஆட்களும் அப்படித்தான். மேகத்தைப் புகை என்று நினைத்துத் தண்ணீர் வாளியோடு ஓடும் தாத்தா. மங்கி குல்லாவைப் போட்டுக்கொண்டு யார் கூப்பிட்டாலும் காது கேட்கவில்லை என்று தப்பிக்கும் பெரியப்பா. வாசலில் காட்டுமாடு.

காட்டுமாடு பாட்டைக் கொஞ்சம் இங்கே தருகிறேன், சித்தி சம்மதத்தோடு. குன்னூர்க்காரர்களுக்கு இது கற்பனையே இல்லை. ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோவரை போகும். காலையில் கதவைத் திறந்தால் தோட்டத்தில் நிற்கும், நாம் உள்ளேயே காத்திருப்போம்.

வாசல் திறந்தேன் வெளியே போக
வாசலை அடைத்து நின்றாரு
பேசிப் பார்த்தேன் பெரியவர் அவரு
பீன்ஸை மட்டும் தின்றாரு

மூச்சு ஒன்றை நீளமாக
மூக்கின் வழியே விடுத்தாரு
பேச்சும் இல்லை பயமும் இல்லை
படியின் மேலே… படுத்தாரு

அந்தப் புள்ளி வைத்த இடம்தான் சண்டை. மூன்றெண் தாளத்தில் இடது கை “தும் தக தக” என்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். “மேலே” என்றதும் இரண்டு கையும் நின்றுவிட வேண்டும். ஒரு முழுச் சுற்று, மூன்று எண்ணிக்கை, எதுவும் இருக்கக் கூடாது. கேட்கிறவர் மனதில் மாடு எழுந்து போகிறதா, முட்டப் போகிறதா என்று ஓட வேண்டும். அப்புறம் “படுத்தாரு”.

தமிழில் இது எவ்வளவு வசதி என்று சித்தி சொல்லித்தான் கவனித்தேன். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. “பாட்டி குரங்கிடம் வெற்றிலையை…” என்று நிறுத்தினால், கொடுத்தாளா, பிடுங்கினாளா, கடன் கேட்டாளா என்று அந்தக் கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. யார், யாரிடம், எதை என்று எல்லாவற்றையும் முன்னால் அடுக்கிவிட்டு, நடந்தது என்ன என்பதை மட்டும் கையில் மூடி வைத்துக்கொள்ளலாம். இங்கிலீஷ் பாட்டில் வரிக் கடைசி ஒலி ஒத்துப் போவதை வைத்துச் சிரிப்பைக் கட்டுகிறார்கள். நம்மிடம் எதுகை வரியின் ஆரம்பத்திலேயே இரண்டாம் எழுத்தில் வந்துவிடுகிறது. மூச்சு, பேச்சு என்று காது முதலிலேயே நிம்மதியாகிவிடும். வரிக் கடைசி வினைக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குத்தான் பியானோ வாயை மூட வேண்டும்.

சரி, பியானோவுக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் செய்த நிமிர்ந்த வகைப் பியானோ, 85 கட்டை, இரும்புச் சட்டம். கம்பிகள் இருநூறுக்கு மேல். கீழ் ஸ்வரங்களுக்குச் செம்பு சுற்றிய ஒற்றைக் கம்பி, அதற்கு மேல் இரட்டை, அப்புறம் மூன்று மூன்றாக. மேல்மூடியைத் தூக்கி, முன்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தபோது முதலில் தெரிந்தது துரு, இரண்டாவது பூச்சி தின்ற ஃபெல்ட், அதாவது அமுக்கிய கம்பளி. மூன்றாவதாக ஒரு வாசனை. தையல் மெஷின் எண்ணெய். முன்பு யாரோ, கட்டை இறுகிப் போனதற்கு வைத்தியமாக, சுத்தியல்கள் ஆடும் மூட்டுகளில் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். மூட்டுக்குள் இருப்பது உலோகத்தோடு உலோகம் இல்லை. மெல்லிய ஊசியைச் சுற்றிக் கம்பளித் துணி. எண்ணெயைக் குடித்துத் துணி ஊதும், தூசியைப் பிடிக்கும், வருஷம் போகப் போகப் பசையாகிவிடும். பியானோவுக்குள் எந்த எண்ணெயும் விடாதீர்கள். தேங்காயெண்ணெயும் வேண்டாம், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம்.

ஆனால் அதில் கை வைக்கும் முன் ஈரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஈரம் இருக்கும்வரை நான் சரிசெய்யும் ஒவ்வொன்றும் அடுத்த வாரம் வேறொன்றாகிவிடும். தொழிற்சாலையில் இலை வாட்டும் இடத்தில் ஈரக் குமிழ், உலர் குமிழ் என்று இரட்டை வெப்பமானி தொங்கும். அதேபோல ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டினேன். 17 டிகிரி, ஈரப்பதம் 88 சதவீதம். பியானோவுக்குச் சுகமானது 40 முதல் 50. மழைக் காலத்துக் குன்னூரில் அதைக் கனவு காண முடியாது. 70-க்குக் கீழே கொண்டுவந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

இலை வாட்டுவதில் கற்றதுதான் இங்கும் உதவியது. காற்றிலிருந்து தண்ணீரை எடுக்க வேண்டியதில்லை. காற்றைக் கொஞ்சம் சூடாக்கினாலே அதன் தாகம் கூடிவிடும். 17 டிகிரியில் 88 சதவீதமாக இருக்கும் காற்றை 21 டிகிரிக்கு ஏற்றினால், தண்ணீர் அளவு மாறாமலே சுமார் 68 சதவீதம் ஆகிவிடும். பியானோவின் கீழ்ப்பலகைக்குள், பெடல்களுக்கு மேலே, 25 வாட் பழைய குமிழ் பல்பு ஒன்றைப் பொருத்தினேன். பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் தகரக் கூடு, மரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி, லைனில் ஃபியூஸ். மரமும் ஃபெல்ட்டும் உள்ள பெட்டிக்குள் சூடு வைக்கிறோம், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. நமக்கு வேண்டியது வெளிச்சம் இல்லை, சூடு. பியானோவையும் வெளிச்சுவரை விட்டு உள்சுவர்ப் பக்கம் நான்கு பேர் சேர்ந்து நகர்த்தினோம்.

மூன்று வாரம் அப்படியே விட்டேன். சித்திக்குப் பொறுமை இல்லை. “வெறும் பல்பு எரியுது, வேலை எப்படா ஆரம்பிக்கும்?” என்று தினமும் போன். ஆனால் மரத்தை அவசரமாகக் காயவைத்தால் ஒலிப்பலகை வெடிக்கும். மூன்றாவது வாரம் உள்ளே 67, 68 என்று நின்றது. இறுகியிருந்த இருபத்துச் சொச்சம் கட்டைகளில் பாதி, நான் தொடாமலே இளகிவிட்டன.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பெடலை மிதித்துப் பார்த்தபோது பெரிய குற்றவாளி அகப்பட்டது. வலது பெடலை மிதித்தால் டேம்பர்கள், அதாவது கம்பியின் சத்தத்தை நிறுத்தும் ஃபெல்ட் வைத்த கட்டைகள், எல்லாம் ஒன்றாகக் கம்பியை விட்டு விலகும். காலை எடுத்தால் திரும்பி வந்து அமுக்கி நிறுத்தும். மிதிக்கத் தொடங்கியதும் முதலில் கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். அப்புறம்தான் டேம்பர் நகர வேண்டும். இதில் ஆட்டமே இல்லை. பெடலுக்கும் மேலே உள்ள தண்டுக்கும் இடையிலான திருகை யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருந்தார்கள். அதாவது பெடலை மிதிக்காமலே, அத்தனை டேம்பரும் முடியளவு தூக்கியே நின்றன. இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். அவ்வளவுதான். கூடம் முழுவதும் ஒரு திரை விழுந்த மாதிரி அமைதி. சித்தி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “மேலே” என்று பாடி நிறுத்தினார். பாதி நின்றது. கீழ்ப் பக்கம் மட்டும் இன்னும் முனகியது.

மீதிப் பாதி அவ்வளவு சுலபமாக வரவில்லை.

ஆக்‌ஷனை, அதாவது சுத்தியலும் டேம்பரும் சேர்ந்த முழுத் தொகுதியையும், மேலே உள்ள குமிழ்த் திருகுகளைக் கழற்றி முன்பக்கம் சாய்த்து வெளியே எடுத்தேன். தனியாக எடுக்காதீர்கள், இரண்டாவது ஆள் டேம்பர்கள் கம்பியில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் தம்பி வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்து நிறுத்தினோம்.

டேம்பர் ஃபெல்ட் ஒரே வடிவம் இல்லை. இரட்டைக் கம்பிக்கு நடுவில் ஆப்புபோல இறங்குவது ஒன்று, மூன்று கம்பியையும் ஒன்றாக அமுக்கும் தட்டை இன்னொன்று. மேல்மட்ட ஒன்றரை ஸ்தாயிக்கு டேம்பரே கிடையாது. அங்கே கம்பி குட்டை, சத்தம் தானே அடங்கிவிடும். கீழே பதினெட்டு டேம்பர்களில் ஃபெல்ட் கல்லாகியிருந்தது. கம்பி பதிந்த பள்ளம் அச்சு வார்த்த மாதிரி. ஐந்தாறில் பூச்சி. இரண்டில் ஸ்பிரிங் உடைந்திருந்தது. சென்னையில் உதிரிபாகம் விற்கும் கடையிலிருந்து ஆப்பு ஃபெல்ட் பட்டையாக வரவழைத்து, புது பிளேடால் ஒரே வெட்டில் நறுக்கினேன். இரண்டு தடவை அறுத்தால் ஓரம் பிசிறு தட்டும், பிசிறு கம்பியைத் தொடும்போது “உஸ்” என்று ஒரு மூச்சுச் சத்தம் வரும். பழைய ஃபெல்ட்டை நீராவி காட்டி உரித்தேன். புதியதை மரப் பசையில் ஒட்டி, கம்பிமேலேயே உட்காரவைத்துக் காயவிட்டேன். மேசையில் வைத்து ஒட்டினால் நேராக இருப்பதுபோலத் தெரியும். உள்ளே போட்டால் ஒரு கம்பியை விட்டுவிடும். முதல் நான்கை அப்படி ஒட்டிப் பிய்த்து எறிந்தேன்.

எண்ணெய் மூட்டுகளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதில் சில துளி தண்ணீர். மூட்டுக்கு ஒரு சொட்டு. தண்ணீர் துணியை ஊதவைக்கும். காயும்போது ஊசியை விட்டுக் கொஞ்சம் பின்வாங்கும். சுத்தியலைப் பிடித்து விட்டால் ஊஞ்சல்போல ஐந்தாறு தடவை ஆடி நிற்க வேண்டும். ஆடாமல் பொத்தென்று நின்றால் இறுக்கம், ரொம்ப நேரம் ஆடினால் தளர்ச்சி. பசையாகிப் போனவற்றுக்கு இது போதவில்லை. பதினாறு மூட்டுகளில் ஊசியைத் தட்டி எடுத்து, துணியை மாற்றிப் புது ஊசி போட வேண்டியிருந்தது. இந்த வேலைக்கே நான்கு ஞாயிறு போயிற்று. சுத்தியலைப் பின்னால் இழுக்கும் நாடாக்கள் தொட்டாலே பொடிந்தன. தையல்காரரிடம் பருத்தி நாடா வாங்கி, முனையில் தோல் ஒட்டி, அதே நீளத்துக்கு அத்தனையும் மாற்றினேன்.

சுத்தியல் கம்பியிலிருந்து 45 மில்லிமீட்டர், விடுபடும் இடம் 3 மில்லிமீட்டர், கட்டை இறங்கும் ஆழம் 10 என்று ஒழுங்குபடுத்தினேன். அதில் சொல்லச் சுவாரசியமாக எதுவும் இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். டேம்பர் எப்போது எழ வேண்டும் என்பதை மட்டும் மறுபடி மறுபடி பார்த்தேன். சுத்தியல் பாதி தூரம் போனபோது டேம்பர் விலகத் தொடங்க வேண்டும். முந்தினால் கை கனக்கும். பிந்தினால் ஸ்வரம் திக்கும்.

இங்கே சித்தியின் ரயில் பாட்டு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ரயிலில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், தெரியும் அல்லவா? சில இடங்களில் பன்னிரண்டு அடி சொச்சத்துக்கே ஓர் அடி ஏறும் பாதை, நடுவில் பல் தண்டவாளம். முன் பெட்டியின் வெளியே கொடியோடு ஒருவர் நிற்பார். அதை வைத்துச் சித்தி எழுதியது:

முன்னால் நின்று கொடியை ஆட்ட
முறுக்கு மீசைக்காரர் உண்டு
பின்னால் நின்று மலையே ஏற்றப்
பெரிய மூச்சுக்காரி உண்டு

எங்கள் குடும்பத்தில் அந்த மூச்சுக்காரி யார் என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டி. இந்தப் பாட்டுக்கு இடது கையில் ஒரே கட்டையை “தகதக தகதக” என்று வேகமாக அடிக்க வைத்திருந்தார் சித்தி. நிமிர்ந்த பியானோ அதற்கு இடம் கொடுக்காது. கட்டை ஏறக்குறைய முழுக்க மேலே வந்த பிறகுதான் சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகும். படுக்கை வகைப் பியானோவில் பாதி எழும்போதே மறுபடி அடிக்க வசதி உண்டு. எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் இந்த வகையால் அது முடியாது. அதைச் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ரெண்டு கட்டையா பிரிச்சுருவோம். ரயிலுக்கும் ரெண்டு ஜோடி சிலிண்டர் இருக்குல்ல” என்று ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி அடித்தார். முன்பைவிட நன்றாக இருந்தது. நிஜமாகவே ஏறுகிற மாதிரி.

டிசம்பர் நடுவில் சுருதி. பியானோ சராசரியாக 60 சென்ட் இறங்கியிருந்தது. அரை ஸ்வரம் என்பது நூறு சென்ட். விநாடிக்கு 440 அதிர்வில் இருக்க வேண்டிய ‘ஏ’ ஸ்வரம் சுமார் 425-இல் நின்றது. மேலே ஏற்றலாமா? மொத்தக் கம்பிகளும் சேர்ந்து பதினைந்து, இருபது டன் இழுவை. அத்தனை துருப்பிடித்த கம்பிகளையும் அரை ஸ்வரத்தில் பாதிக்கு மேல் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டியதும் இல்லை. பாடுகிறவர் ஒருவர், வாசிப்பவரும் அவரே. பக்கத்தில் புல்லாங்குழல் இல்லை, கீபோர்டு இல்லை. நம் சங்கீதத்தில் அவரவர் கட்டைக்குத்தானே சுருதி சேர்க்கிறோம்? சித்திக்கு எழுபது நெருங்குகிறது. கொஞ்சம் இறங்கிய சுருதி அவர் தொண்டைக்கும் இதம். 425 என்றே வைத்து, பியானோவைத் தனக்குத்தானே ஒத்துப்போக வைத்தேன்.

நடு ஸ்தாயியை முதலில் சேர்த்து, அதிலிருந்து மேலும் கீழும். தம்பூரா கேட்டு வளர்ந்த காதுக்குப் பியானோவின் காந்தாரம் சங்கடம் தரும். அசையாமல் நிற்கும் அந்தர காந்தாரம் சுமார் 386 சென்ட், பியானோவில் 400. அந்தப் பதினான்கு சென்ட்தான் ‘எஃப்’, ‘ஏ’ இரண்டையும் சேர்த்து அடித்தால் விநாடிக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவாக அலை அலையாகத் துடிப்பது. துடிப்பை நிறுத்திவிடக் கை அரிக்கும். நிறுத்தினால் வேறொரு இடத்தில் சுருதி பிசகி ஓநாய்போல ஊளையிடும். துடிப்பை எண்ணி, அதை அப்படியே விட்டுவிடக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலை.

மேல் ஸ்தாயியில் ஒரு கம்பி அறுந்தது. அது ஒன்றாகப் போகாது. ஒரே கம்பி கீழே கொக்கியைச் சுற்றித் திரும்பி வந்து இரண்டு கம்பியாக நிற்கும், அதனால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து தளர்ந்துவிட்டது. தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து புதியது போட்டேன். புதுக் கம்பி வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும், தினமும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து வரும் வழியில் இறங்கி, கம்பியை ஏற்றி, சித்தி போடும் டீயைக் குடித்துவிட்டுப் போவேன்.

ஜனவரியில் பனி விழத் தொடங்கியதும் காற்று காய்ந்தது. கூடத்திலேயே 60 காட்டியது. பல்பை அணைத்தேன். ஒலிப்பலகை ஈரத்தில் உப்பிச் சுருதியை ஏற்றும், காய்ந்தால் தட்டையாகி இறக்கும். நடு ஸ்தாயி நான்கைந்து சென்ட் இறங்கிவிட்டது. நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு இன்னொரு முழுச் சுற்று.

அந்த ஞாயிறு மாலை நாலரைக்கு ஆரம்பம். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். கரடியும் சிறுத்தையும் நடமாடும் ஊரில் நேரம் அப்படித்தான் வைக்க முடியும். 34 பேர் வந்தார்கள். தரையில் ஜமுக்காளம், ஒரு தட்டு நிறைய வர்க்கி. நான் பியானோவின் பக்கவாட்டில், சுருதி சேர்க்கும் லீவரைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் தண்ணீர் வாளிப் பாட்டுக்கு மெல்லிய சிரிப்பு. ரயில் பாட்டில் இரண்டாவது தடவை “மூச்சுக்காரி” வந்தபோது, பாட்டியைத் தெரிந்த பாதிக் கூடம் சிரித்தது, இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் காட்டுமாடு. “பேச்சும் இல்லை பயமும் இல்லை, படியின் மேலே…”

நின்றது. கட்டை, கம்பி, பெட்டி, எல்லாம். வெளியே யூகலிப்டஸ் மரத்தில் காற்று அசைவது கேட்டது. ஒன்று, இரண்டு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் நான்கு வயசிருக்கும் ஒரு பெண் குழந்தை, பெரிய கவலையோடு, “படுத்துருச்சா?” என்று கேட்டது.

கூடம் வெடித்தது. சித்தி அந்தச் சொல்லைப் பாடவே இல்லை. குழந்தையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மாடு உட்காருகிற மாதிரி இடது கையால் கீழே ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் வைத்தார்.

மறுநாளே பாட்டை மாற்றிவிட்டார். இனிமேல் கடைசிச் சொல் கிடையாதாம். மௌனம் மூன்று எண்ணிக்கை இல்லை, ஆறு. கேட்கிறவர்களே சொல்லட்டும், சொல்லாவிட்டாலும் சரி, கடைசியில் அந்த ஒற்றைக் கீழ் ஸ்வரம். அதற்கு அவர் எடுத்திருப்பது நான் ஃபெல்ட் மாற்றாமல் விட்ட, ஓரளவுக்குப் பரவாயில்லை என்று நினைத்த ஒற்றைக் கம்பி டேம்பர்களில் ஒன்று. ஆறு எண்ணிக்கை மௌனத்துக்குப் பிறகு கேட்டால், கையை எடுக்கும்போது அது லேசாக உறுமுகிறது.

“மாடு படுத்தா உறுமத்தான் செய்யும், சித்தி. அப்படியே விட்டுறலாமே?” என்று கேட்டேன்.

“அது உறுமுறப்ப நான் சொல்றேன். இப்ப அது தூங்கிருச்சு” என்றார்.

வரும் ஞாயிறு ஆக்‌ஷனை மறுபடி வெளியே எடுக்கிறோம். தம்பியிடம் சொல்லிவிட்டேன். பட்டை ஃபெல்ட்டில் இன்னும் ஒரு விரல் நீளம் மிச்சம் இருக்கிறது, ஆனால் அது ஆப்பு வடிவம். ஒற்றைக் கம்பியைக் கவ்வுகிற மாதிரி நடுவில் பள்ளம் வெட்ட வேண்டும். பழைய துண்டில் இரண்டு தடவை வெட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.